வெள்ளிக்கிழமை, கடைசி இரண்டு பீரியட்

தளிக்கு வந்து பதினோரு மாதம்.
நான்காம் வகுப்பு, இருபத்து மூன்று பேர்.
குறிப்பேட்டில் ‘மந்திரவாதிகள் விழா’ என்று எழுதி
அடித்துவிட்டு
‘செயல்வழி அறிவியல்’ என்று எழுதினேன்.
நஞ்சுண்டப்பா சார்
அடித்ததைத்தான் முதலில் படித்தார்.

“மந்திரவாதின்னா எலுமிச்சம்பழம், மண்டை ஓடு.
நாளைக்கு ஊரே கேட்டுல வந்து நிக்கும் டீச்சர்.”
எலுமிச்சம்பழம் உண்டு சார், என்றேன்,
மண்டை ஓடு இல்லை.
இருநூறு ரூபாய் தந்தார். ரசீது கேட்டார்.

தொப்பிக்குப் போன வருஷத்துக் காலண்டர்கள்,
சாமி முகம் உள்பக்கம் போகும்படி சுருட்ட வேண்டும்.
அங்கிக்கு, ரோஜாக் குடிலில் கிழிந்த பச்சை நிழல்வலை.
லோகித்தின் அம்மா ஒரு சுருள் அனுப்பியிருந்தாள்.
மருந்து வாடை போக மூன்று முறை அலசினேன்.
கோலுக்குப் பட்டுப்புழு தின்று மீந்த மல்பெரிக் குச்சி,
பாக்யா வீட்டில் விறகுக்கு அடுக்கியது,
உடைந்தால் இருக்கட்டும் என்று இரண்டு கூடுதல்.
கஷாயத்துக்கு ஊதா முட்டைக்கோஸ்.
பெங்களூருக்குக் கிளம்பிய வண்டியிலிருந்து
ஒன்றை இறக்கித் தந்தவர்
“இதையா புள்ளைங்களுக்குக் குடிக்கத் தருவீங்க?” என்றார்.
குடிக்க இல்லை. பார்க்க.

ராத்திரி வாடகை அறையில் ஒத்திகை.
கோஸ் வெந்த தண்ணீரில் எலுமிச்சை விழுந்தால் ரோஜா நிறம்,
சோடா உப்பு விழுந்தால் மயில் கழுத்து.
அருப்புக்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்கு
வீடியோ காலில் காட்டினேன்.
“டிரான்ஸ்பர் என்னாச்சு?” என்றாள்.

மந்திரம் மட்டும் நான் தயாரிக்கவில்லை.
உங்கள் மந்திரம், உங்கள் இஷ்டம்,
அர்த்தம் இருக்கணும்னு இல்லை, என்று சொல்லியிருந்தேன்.

ரிஹானா ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னாள்.
தண்ணீர் பச்சையானது.
அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.
முனிராஜ் படியில் தொங்குகிறவனைப் போல
ஒரு கையைத் தூக்கிக்கொண்டு
ஆனேக்கல் சந்தாபுரா பொம்மசந்த்ரா சில்க்போர்டு என்றான்.
ரோஜா நிறம். கைதட்டல்.
லோகித்தின் தொப்பி கண்ணை மறைத்தது,
மேஜை விரிப்புதான் நீலமானது.

ருத்ரேஷ் வந்தான்.
பதினோரு மாதத்தில் “உள்ளேன் டீச்சர்” தவிர
அவன் குரல் எனக்குத் தெரியாது.
எலுமிச்சையைத் தொடவில்லை.
குச்சியை உயர்த்தவில்லை,
தரையை நோக்கிச் சாய்த்துப் பிடித்து,
எதிரே மிகப் பெரிதாக ஏதோ நிற்பதுபோல்
அண்ணாந்து, மெதுவாக,
ஹோகப்பா, என்றான்.
ஹோகு சாமி. நின் தாரி ஹிடி.

நான் மட்டும்தான் கைதட்டினேன்.
இருபத்து இரண்டு குச்சிகள் தரைக்குச் சாய்ந்திருந்தன.
தமிழ் வீடு, தெலுங்கு வீடு, உருது வீடு
எல்லாம் அதையே முணுமுணுத்தன.
ஹோகு சாமி, ஹோகு.

பாக்யா என் காதருகே வந்தாள்.
“ஆனைக்குச் சொல்றது டீச்சர்.
அவங்கப்பா ராகிக் காட்டுல, மரத்து மேல பரண்ல இருந்து சொல்வாரு.
கத்தக் கூடாது. மரியாதையா சொல்லணும்.”
“சொன்னா போயிடுமா?”
அவள் ருத்ரேஷைப் பார்த்தாள்.
அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.
“செல தடவ.”

அவனுடைய டம்ளர் மட்டும்
மணியடிக்கும் வரை ஊதாவாகவே இருந்தது.

எலுமிச்சை முப்பது, சோடா உப்பு பத்து,
பிசின் நாற்பத்தைந்து. ரசீது ஒட்டினேன்.
கற்றல் விளைவு என்ற கட்டத்தில்
அமிலம், காரம் என்று எழுதினேன்.
பாதிக் கட்டம் காலியாக இருந்தது.

பதினொன்றரைக்கு ஜவளகிரிப் பக்கம் வெடிச் சத்தம்.
பிறகு நாய்கள். பிறகு நாய்களும் இல்லை.
விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்தேன்.
இருட்டுக்குள் எது எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை.
போகப்பா, என்றுதான் வந்தது முதலில்.
உதட்டை ஒட்டவிடாமல்
இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.